நெட் தீர்ந்த காலை

"நேத்து எம் மவளை அடிச்ச அடியில வெளக்குமாறே பிஞ்சு போச்சு மாரி" என்று சண்முகத்தாய் ஆபீஸ் வேனிலிருந்து இறங்கிக்கொண்டே சொன்னாள். சொல்லிவிட்டு, ஏதோ தப்புச் செய்துவிட்டு வாசலில் வந்து நிற்கிறவளைப்போல முகத்தை வைத்துக்கொண்டு, "உம் போனைக் கெடுத்துட்டாளே பாவி. நீ என்ன நெனைப்பியோன்னு எனக்குத் தூக்கமே இல்ல" என்றாள். மாரீஸ்வரி வாயைத் திறந்திருக்க வேண்டிய இடம் அதுதான். திறக்கவும் செய்தாள். அதற்குள் பட்டாசு ஆபீஸ் வாசலில் காவல்காரர் பைகளை உதறிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். தீப்பெட்டி, பீடி, போன் எதுவும் உள்ளே போகக் கூடாது. போன் வைத்திருக்கிறவர்கள் அவரிடம் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். மாரீஸ்வரியிடம் கொடுப்பதற்கு எதுவும் இல்லை. அவள் போன் வீட்டில் மகளிடம் இருக்கிறது. கொரோனா வந்து பள்ளிக்கூடத்தைப் பூட்டிய நாளிலிருந்து லைன் வீடுகளில் பகலில் தங்குகிற ஒரே போன் அதுதான். மற்ற வீடுகளில் ஆம்பளைகள் சட்டைப்பையோடு எடுத்துப் போய்விடுகிறார்கள். அவள் புருஷன் கோயம்புத்தூரில் ஓட்டல் வேலையில் இருக்கிறான், அவனுக்குத் தனிப் போன். அதனால் மூன்றாம் வகுப்பு எஸ்தர் டீச்சர் காலையில் நடத்துகிற வீடியோ வகுப்புக்கு மாரீஸ்வரியின் மகள் கோபிகாவும் அடுத்த வீட்டுச் சண்முகத்தாயின் மகள் பாண்டிமீனாவும் ஒரே போன் முன்னால் தலையோடு தலை ஒட்டி உட்காருவார்கள். நீ புண்ணியவதி, நல்லா இருப்ப என்று சண்முகத்தாய் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறாள். காவல்காரர், "போன் இல்லையா, போ" என்றார். மாரீஸ்வரி போனாள். சொல்ல வந்தது வாய்க்குள்ளேயே திரும்பிப் படுத்துக்கொண்டது.

பின்னல் அறையில் வழக்கமான இடம், வழக்கம்போலப் பக்கத்தில் சண்முகத்தாய். சின்ன வெடிகளை இரண்டு பக்கமும் அடுக்கி, திரிகளைச் சேர்த்து, நூலைச் சுற்றிச் சுற்றிச் சரமாகப் பின்ன வேண்டும். வெடிமருந்து கலக்கிற அறைகள் தள்ளி இருந்தாலும் கந்தக வாசம் இங்கேயும் வரும். நாளாக ஆக அது வாசமாகவே தெரியாது, அதுதான் காற்று என்று ஆகிவிடும். விரல்கள் தாமாகவே வேலை செய்யும். மனசுக்குத்தான் வேலையில்லை. மனசு நேற்றுச் சாயங்காலத்துக்குப் போய் நின்றுகொண்டது. என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? வேன் இறங்கி வீட்டுக்குள் நுழைந்ததும் கோபிகா அழுதுகொண்டு வந்தாள், அம்மா கிளாஸ் பாதியில நின்னுபோச்சு, பாண்டிமீனா எதையோ அமுக்கிட்டா என்று. போனை வாங்கிப் பார்த்தேன். இன்றைய நெட் முழுவதும் தீர்ந்துவிட்டது என்று செய்தி வந்திருந்தது. பிள்ளைகளுக்கு அதெல்லாம் பார்க்கத் தெரியாது. அதற்கு மேலே, அதிகாலையில் வந்த இன்னொரு செய்தி: பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று. அதை அவள் அப்போதே பார்த்திருந்தாள். பார்த்து, ஈயை ஓட்டுவதுபோல விரலால் ஒதுக்கியிருந்தாள். நேற்றுச் சாயங்காலம் இரண்டு செய்திகளையும் அழித்தாள். ஏன் அழித்தாள்? யார் வந்து போனைச் சோதிக்கப் போகிறார்கள், போலீசா? விரல் அழித்துவிட்டது. அழித்து நிமிர்ந்தபோது வாசலில் சண்முகத்தாய் நிற்கிறாள், என்ன மாரி, என்னாச்சு, இவ எதையும் ஒடைச்சுட்டாளா என்று. அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு பாண்டிமீனா. அப்போது வந்த வாக்கியம்: "தெரியலைக்கா, பிள்ளைக என்னத்தையோ அமுக்கியிருக்குக." அவ்வளவுதான். பிள்ளைக என்றுதானே சொன்னேன். பாண்டிமீனா என்று பேர் சொல்லவில்லையே. பிள்ளைக என்றால் கோபிகாவும் சேர்ந்துதானே. பாதிப் பழியை என் மகள் மேலும்தானே போட்டேன். ஆனால் கோபிகாவை யாரும் அடிக்கவில்லை. அந்தப் பாதியும் அந்தப் பிள்ளை முதுகுக்கே போய்விட்டது.

நூல் அறுந்தது. முடிச்சுப் போட்டுவிட்டுத் தொடர்ந்தாள். இழுக்கும்போது அளவாக இழுக்க வேண்டும். வெளக்குமாறு பிஞ்சு போச்சு. தென்னங்குச்சி வெளக்குமாறா, புல்லு வெளக்குமாறா? தென்னங்குச்சி என்றால் கோடு கோடாக விழும். சண்முகத்தாய் வீட்டில் வாசல் பெருக்கத் தென்னங்குச்சிதான். வீட்டுக்குள் பெருக்கப் புல்லு. கோபத்தில் கைக்கு எது வந்திருக்கும்? இதைப்போய் யோசித்துக்கொண்டிருக்கிறாளே, புல்லாக இருந்தால் பாவம் குறைந்துவிடுமா? இடையில் ஒரே ஒரு சுவர். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் கேட்டது அவளுக்கு. இல்லை, கேட்கவில்லை, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. கேட்டது. விசில் நின்ற பிறகும் கேட்டது. யம்மா யம்மா நான் இல்ல யம்மா. கோபிகா சாப்பிடாமல் அண்ணாந்து பார்த்தாள். சாப்பிடு, அடுத்த வீட்டுச் சண்டை நமக்கெதுக்கு என்றாள் மாரீஸ்வரி. அதையும் சொன்ன வாய் இதுதான்.

அப்படி என்ன பார்த்தாள் என்று யாராவது கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். சினிமா பார்த்தேன், சீரியல் பார்த்தேன் என்றாலாவது ஒரு மரியாதை உண்டு. விடியும் முன்னால் தெருக்குழாயில் தண்ணீர் வரும். குடங்களை வரிசையில் வைத்துவிட்டு, கவிழ்த்துப் போட்ட வாளியில் உட்கார்ந்து, போனில் அவள் பார்ப்பதெல்லாம் யாரோ ஒருத்தி தன் வீட்டு அடுப்படியைத் துடைப்பதை. எந்த ஊரோ, கடல் தாண்டிய ஊர். முகத்தைக் காட்ட மாட்டாள். இரண்டு கையும் வளையலும் மட்டும். கொத்தமல்லிக் கட்டைப் பிரித்து, வேர் கிள்ளி, குழாயைத் திறந்து அலசி, துணியில் பரப்பி, டப்பாவில் அடுக்கி மூடுவாள். மேடையைத் துடைப்பாள். துடைத்த இடத்தையே இன்னொரு தடவை துடைப்பாள். ஜன்னலில் வெயில் விழும். யாரும் அவளைக் கூப்பிட மாட்டார்கள். வேனுக்கு நேரமாச்சு என்று யாரும் கத்த மாட்டார்கள். அந்தக் குழாயில் தண்ணீர் எப்போது திறந்தாலும் வரும், அதைத்தான் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும் மாரீஸ்வரிக்கு. ஒன்று முடிந்தால் அதுவாகவே அடுத்தது வந்துவிடும். இன்னும் ஒண்ணு, தண்ணி வர்ற வரைக்கும். இன்னும் ஒண்ணு, நம்ம குடம் வர்ற வரைக்கும். நேற்று தண்ணீர் தாமதமாக வந்தது. அதனால்தான். தண்ணீர் நேரத்தோடு வந்திருந்தால் இத்தனையும் நடந்திருக்காது, ஆமாம், குழாய்க்காரன் மேல் போட்டுவிடு, அவன் ஒருத்தன்தான் பாக்கி. இன்றைக்கு? இன்றைக்குக் காலையிலும் விரல் போனது. கொஞ்சம்தான். ஒரு டப்பா மூடுகிற நேரம்தான் பார்த்தாள், பிறகு அணைத்துவிட்டாள். ஆனாலும் போனது. அந்தப் பிள்ளை அழுத கண்ணோடு சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கிக்கொண்டிருந்தபோது இவள் விரல் போனது.

"என்ன மாரி, சரம் கோணுதே" என்றார் போர்மேன் ஐயாக்கண்ணு, பின்னால் வந்து நின்று. பிரித்துப் பின்னினாள். "மனசு எங்கயோ இருந்தா கை எங்கயோ போகும். இது பூக்கட்டுற வேலையில்ல தாயி" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். அவர் எல்லோரிடமும் சொல்வதுதான். ஆனால் இன்றைக்கு அது உள்ளே போய் உட்கார்ந்தது. இந்த ஆபீசில் எதுவும் நடந்ததில்லை. பக்கத்து ஆபீசில் நடந்திருக்கிறது. அங்கே செத்தவர்களும் காலையில் வேனில் கதை பேசிக்கொண்டு போனவர்கள்தான். இப்போது, இந்த நிமிஷம், மருந்து அறையில் யார் கையாவது தவறினால்? சாவது பற்றி அவளுக்குப் பழக்கப்பட்ட ஒரு பயம் உண்டு. வேனில் ஏறும்போது அது மடியில் ஏறும், இறங்கும்போது இறங்கிவிடும். கோபிகாவை யார் பார்ப்பார்கள் என்பதோடு அது முடிந்துவிடும். இன்று அது முடியாமல் இன்னும் ஒரு அடி எடுத்து வைத்தது. நானும் போய், சண்முகத்தாயும் போய்விட்டால், அந்தப் பிள்ளை கடைசி வரைக்கும் தான்தான் போனைக் கெடுத்தேன் என்று நினைத்துக்கொண்டிருக்குமே. பெரியவளாகி, கல்யாணமாகி, பிள்ளை பெற்று, எதையாவது தொடப் போகும்போதெல்லாம் கை பின்னால் வருமே. நீ இல்லை என்று சொல்ல உலகத்தில் ஒரே ஒருத்திதான் இருக்கிறாள், அவள் இங்கே மருந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சரம் பின்னிக்கொண்டிருக்கிறாள். இப்போதே சொல்லிவிடு. சண்முகத்தாயின் முழங்கை இவள் முழங்கையில் இடித்துக்கொண்டுதான் இருக்கிறது. அக்கா என்று ஆரம்பித்தால் போதும். "அக்கா" என்றாள். "ம்?" என்றாள் சண்முகத்தாய், நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு. "அந்த நூல்கண்டைத் தள்ளுங்க" என்றாள் மாரீஸ்வரி. நூல்கண்டு மாரீஸ்வரியின் கைக்குப் பக்கத்திலேயே இருந்தது. சண்முகத்தாய் அதைப் பார்த்துவிட்டு எடுத்துக் கையில் கொடுத்தாள்.

இந்நேரம் வகுப்பு தொடங்கியிருக்கும். எஸ்தர் டீச்சர் ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். கோபிகா தனியாக உட்கார்ந்திருப்பாள். இல்லை, பாண்டிமீனா வந்திருப்பாள் என்று மாரீஸ்வரி நினைத்துக்கொண்டாள். பிள்ளைகள் காலையில் எழுந்தால் மறந்துவிடும், அடியும் மறந்துவிடும். வந்திருப்பாள். வாசலில் செருப்பை விட்டுவிட்டு, மாரீஸ்வரி வீட்டில் இல்லை என்று தெரிந்தும் சித்தி என்று ஒரு தடவை கூப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே வருவாள். வந்திருப்பாள்.

மத்தியானம் வேப்பமரத்தடியில் தூக்குச்சட்டியைத் திறந்தபோது சண்முகத்தாய் தன் சட்டியிலிருந்து ஒரு துண்டு வறுத்த கருவாட்டை எடுத்து மாரீஸ்வரியின் சோற்றின் மேல் வைத்தாள். இரண்டு துண்டுதான் கொண்டுவந்திருந்தாள், பெரியது இவளுக்கு.

"கோவிச்சுக்கிடாத தாயி" என்றாள். "அவளை இனி அனுப்பல. பள்ளிக்கூடம் தொறக்கைல தொறக்கட்டும். அதுவரைக்கும் வீட்ல கெடந்து தம்பியைப் பாத்துக்கிடட்டும்னு சொல்லிட்டேன்."

"இன்னைக்குக் கிளாஸுக்கு வரலையா?"

"எங்க வர? நான்தான் கதவைத் தாண்டக் கூடாதுன்னுட்டேனே. இன்னொருக்கா ஏதாச்சும் ஆகிப்போனா உனக்குப் போன் வாங்கித் தர எங்கிட்ட என்ன இருக்கு?"

மாரீஸ்வரி கருவாட்டைப் பிட்டு வாயில் போட்டாள். நன்றாக மொறுமொறுப்பாக இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை. தொண்டை அடைத்துக்கொள்ள வேண்டாமா, மண்ணைத் தின்பதுபோல இருக்க வேண்டாமா? இல்லை. நாக்கு ருசி பார்த்தது, இன்னும் கேட்டது. உப்புக் கொஞ்சம் அதிகம் என்றுகூடச் சொல்லிற்று. இவ்வளவுதானா நான் என்று நினைத்தாள். ஒரு பிள்ளையின் வகுப்பைத் தின்றுவிட்டு, அதன் தாய் கொடுத்த கருவாட்டையும் ருசித்துத் தின்கிற வாய். சோற்றைப் பிசைந்தாள். பிசைந்துகொண்டே இருந்தாள். பிறகு, எப்படி ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை, குரல் வெளியே கேட்டது.

"அக்கா, போன் கெடல."

"சரியாயிருச்சா? அப்பாடா."

"கெடவே இல்லக்கா. நெட்டு தீந்துபோச்சு. ஒரு நாளைக்கு இவ்வளவுன்னுதான குடுப்பான். அதை நான் குழாயடியில இருந்து பாத்தே தீத்துட்டேன். பிள்ளைக ஒண்ணும் பண்ணல. எனக்கு நேத்தே தெரியும்."

சண்முகத்தாய் கையில் எடுத்த உருண்டையோடு அப்படியே இருந்தாள். கோபம் வரும், சட்டியைத் தூக்கி எறிவாள், நாலு பேர் கேட்கத் திட்டுவாள் என்று மாரீஸ்வரி எதிர்பார்த்தாள். அதை விரும்பினாள் என்றே சொல்ல வேண்டும். திட்டி முடித்தால் முடிந்துவிடும்.

"என்ன பாத்த?" என்றாள் சண்முகத்தாய், மெதுவாக.

"ஒருத்தி அடுப்படி தொடைக்கிறதை."

"தொடைக்கிறதையா?"

"ஆமா."

சண்முகத்தாய்க்குச் சிரிப்பு வருகிற மாதிரி உதடு ஒரு பக்கம் இழுத்தது, வரவில்லை. "அவ அலற அலற அடிச்சேனே. செவத்துக்கு அந்தப் பக்கந்தான இருந்த?" என்றாள். மாரீஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். "எங்கிட்ட எதுக்குச் சொல்ற? அடிபட்டவ அவதான. அவகிட்டப் போய்ச் சொல்லு." உருண்டையைச் சட்டியிலேயே போட்டு மூடினாள். எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். வெகுநேரம் கழுவினாள், மருந்துக்கறை அப்படிப் போகாது என்று தெரிந்தும்.

மத்தியானத்துக்கு மேல் முழங்கை இடிக்காதபடி சண்முகத்தாய் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்பார்கள். எங்கே இறங்கிற்று? ஒரு ஆள் சுமந்ததை இப்போது இரண்டு பேர் சுமக்கிறார்கள், அவ்வளவுதான். அடித்த கை இப்போது பக்கத்தில் நூலைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, அந்தக் கை என்ன பாடுபடுமோ. ஒரு தடவை சண்முகத்தாய் வேலையை நிறுத்தி உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டதை மாரீஸ்வரி ஓரக்கண்ணால் பார்த்தாள். பார்க்காததுபோல இருந்தாள். பிள்ளையிடம் என்ன சொல்வது? சித்தி தப்புப் பண்ணிட்டேன். நெட்டுன்னா என்னன்னு முதலில் சொல்ல வேண்டும். குடத்துத் தண்ணி மாதிரி, ஒரு குடந்தான் ஒரு நாளைக்கு, நான் மொண்டு குடிச்சுட்டேன். இது புரியும். புரிந்து, ஏன் குடிச்ச என்று கேட்டால்? தாகமெடுத்துச்சு என்றா சொல்வது? அந்தக் கைகளையும் வளையலையும் வெயில் விழுகிற ஜன்னலையும் அந்தப் பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பெரியவர்கள் பிள்ளைகளிடம் மன்னிப்புக் கேட்டு அவள் பார்த்ததே இல்லை. அவளிடம் யாரும் கேட்டதில்லை. அதற்கு என்ன வார்த்தை சொல்வார்கள் என்றே தெரியவில்லை. வாயில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தாள், எல்லாம் சினிமா வசனமாக இருந்தது.

வேன் லைன் வீடுகளின் முனையில் நின்றபோது வெயில் இன்னும் இருந்தது. சண்முகத்தாய் முன்னால் இறங்கிப் போய்விட்டாள், ஆனால் தன் வீட்டுக்குள் போகாமல் வாசல் பக்கமாக ஒதுங்கி நின்றாள். வாசற்படியில் பாண்டிமீனா உட்கார்ந்து தம்பிக்கு முறுக்கைப் பொடித்து ஊட்டிக்கொண்டிருந்தாள். மாரீஸ்வரியைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டாள். முழங்காலுக்குக் கீழே கோடுகள். தென்னங்குச்சிதான்.

"சித்தி, இனிமே தொட மாட்டேன் சித்தி" என்றாள், இவள் எதுவும் சொல்வதற்கு முன்னால்.

மாரீஸ்வரி அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். யோசித்து வைத்திருந்த குடமும் தண்ணீரும் எங்கோ போய்விட்டன. "நீ ஒண்ணும் பண்ணல கண்ணு. போனு கெடவே இல்ல. கிளாஸ் நடக்கணும்னா அதுல நெட்டு இருக்கணும். அதை விடியக்காலையிலயே நான் பாத்துத் தீத்துட்டேன். அதான் பாதியில நின்னுபோச்சு. தெரிஞ்சும் உங்கம்மாகிட்ட நான் சொல்லல. பொய் சொன்னேன். அதுக்குத்தான் நீ அடி வாங்குன."

பாண்டிமீனா அம்மாவைப் பார்த்தாள். சண்முகத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பிள்ளை மறுபடியும் இவளைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தாள் மாரீஸ்வரி, இல்லை சந்தோஷப்படுவாள். பாண்டிமீனா புருவத்தைச் சுருக்கி வேறு எதையோ கணக்குப் போடுகிறவள்போல நின்றாள்.

"எப்ப நின்னுச்சு சித்தி?"

"எது?"

"நெட்டு. டீச்சர் என்னையப் படிக்கச் சொன்னாக. நான் எந்திரிச்சு நின்னு பாடம் பூராத்தையும் படிச்சேன். டீச்சர் சிரிச்ச முகமா அசையாமக் கேட்டுக்கிட்டே இருந்தாக. 'பறந்துகொண்டிருந்தன'ன்னு பெருசா ஒண்ணு வரும், அதுல எப்பவும் மாட்டிக்கிடுவேன். நேத்து மாட்டவே இல்ல. ஒரு எடத்துலயும் மாட்டல. முடிச்சப்பறமும் டீச்சர் ஒண்ணும் சொல்லாம சிரிச்சுக்கிட்டே இருந்தாக. நல்லாப் படிச்சேன்னு சொல்வாகன்னு பாத்தேன். சத்தம் கேக்கலையோன்னுதான் ஒரே ஒருக்கா அமுக்குனேன். டீச்சர் மறைஞ்சு போய்ட்டாக." மூச்சு வாங்கினாள். "நான் படிக்கைல நெட்டு இருந்துச்சா சித்தி? டீச்சருக்குக் கேட்டுச்சா?"

கேட்டுச்சு கண்ணு என்று சொல்லிவிட்டால் என்ன? யாருக்கு என்ன நஷ்டம்? இந்தப் பிள்ளை அத்தனை அடியையும் வாங்கிக்கொண்டு, டீச்சர் கேட்டார் என்பதை மட்டும் பத்திரமாக உள்ளே வைத்திருந்திருக்கிறது. அதையும் பிடுங்கவா இவ்வளவு தூரம் வந்தாள்? கேட்டுச்சு, நல்லாப் படிச்சன்னு டீச்சர் போன் பண்ணிச் சொன்னாக. நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நேற்று வந்ததைப்போலவே வழுவழுவென்று வந்தது. அதன் வழுவழுப்பைக் கண்டுதான் அவள் பயந்தாள். நெட் தீர்ந்ததும் போனில் சிரித்தபடி அசையாமல் நின்றுபோன அந்த முகத்தை நினைத்தாள். அதன் முன்னால் எழுந்து நின்று, விரலை எழுத்தின் மேல் ஓட்டி, அந்த நீளமான வார்த்தையைத் தாண்டிப் போன பிள்ளையை நினைத்தாள்.

"கேட்டிருக்காது தாயி" என்றாள்.

பாண்டிமீனா தலையை ஆட்டினாள். கையில் ஒட்டியிருந்த முறுக்குத் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள். தம்பி இன்னும் வேண்டுமென்று வாயைத் திறந்தான், கவனிக்கவில்லை.

"நாளைக்கு வா. நாளைக்கு டீச்சர்கிட்ட நானே சொல்றேன், உன்னைத்தான் மொதல்ல படிக்கச் சொல்லணும்னு. நான் போனைத் தொடவே மாட்டேன். வருவியா?"

"வாரேன் சித்தி" என்றாள் பிள்ளை. கோபமே இல்லாமல்தான் சொன்னாள். பிறகு, தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல, "ஆனா அதே மாதிரி வருமான்னு தெரியலையே" என்றாள்.